காய்ச்சலைப் பிடித்துக்கொண்டு உடலைப் படிப்பது

மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்துகிறவர்களில் பலருக்கும் உள்ள ஒரு மனக்குறை எனக்கும் உண்டு. பதினொன்றாம் வகுப்பில் செரித்தல், சுவாசம், சுற்றோட்டம், கழிவுநீக்கம், நரம்புக் கட்டுப்பாடு, நாளமில்லாச் சுரப்பிகள் என்று ஒவ்வொரு மண்டலமும் தனித்தனிப் பாடமாக வரிசையில் வருகிறது. நோய்த்தடைகாப்பு மட்டும் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போய்விடுகிறது. நரம்பு மண்டலத்தைப் படித்து முடித்த மாணவி நோய்த்தடைகாப்பைத் தொடும்போது நடுவில் ஓர் ஆண்டு ஓடியிருக்கும். இரண்டுக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா என்று கேட்க அவளுக்குத் தோன்றுவதில்லை. தோன்றினாலும் எந்தப் பாடத்தின் கீழ் விடையைத் தேடுவது என்று தெரிவதில்லை. பாடநூல் எழுதியவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எங்காவது தொடங்கி எங்காவது முடிக்கத்தான் வேண்டும், மதிப்பெண்ணும் பிரித்தாக வேண்டும். ஆனால் உடல் இப்படிப் பாடம் பிரித்துக்கொண்டு வேலை செய்வதில்லை என்பதை எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பது என்று யோசித்துப் பார்த்ததில் எனக்குக் கைகொடுத்தது காய்ச்சல்தான்.

கடலூரில் காய்ச்சலைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் கெடிலத்திலும் தென்பெண்ணையிலும் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, தெருவுக்கு நான்கு வீட்டில் காய்ச்சல் வந்துவிடும். தை பிறக்கும் வரை டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் என்று ஏதாவது ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் ரத்தப் பரிசோதனை நிலையங்களில் விடியற்காலையிலேயே கூட்டம் நிற்கும். ஆகவே என் மாணவிகள் அனைவரும் இந்தப் பாடத்தை உடம்பில் அனுபவித்தவர்கள். ஒரு காய்ச்சல் தொடங்கி முடியும் வரை உள்ளே நடப்பதை வரிசையாகப் பின்தொடருங்கள், வழியில் எந்த உறுப்பு குறுக்கிடுகிறதோ அந்தப் பாடத்தை அப்போது திறந்துகொள்ளுங்கள் என்பதுதான் நான் அவர்களுக்குச் சொல்லும் முறை. பன்னிரண்டாம் வகுப்பை முடித்துப் புதுச்சேரியில் செவிலியர் படிப்பில் சேர்ந்த சில மாணவிகள் இன்னமும் இதே முறையில்தான் படிப்பதாகச் சொல்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்காகவே நானும் மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது.

முதல் கேள்வி, கிருமி நுழைந்த செய்தி மூளைக்கு எப்படித் தெரிகிறது என்பது. கிருமியை முதலில் எதிர்கொள்பவை திசுக்களில் தங்கியிருக்கும் மேக்ரோஃபேஜ் போன்ற விழுங்கு செல்கள். கிருமியின் மேலுறையில் உள்ள சில மூலக்கூறுகளை அடையாளம் கண்டதும் அவை இன்டர்லூக்கின் 1, இன்டர்லூக்கின் 6, டிஎன்எஃப் என்ற சைட்டோகைன்களை, அதாவது செல்லுக்குச் செல் செய்தி சொல்லும் பொருள்களைச் சுரக்கின்றன. இவை புரதங்கள், ரத்தத்தில் கலந்து மூளை வரை போகும், ஆனால் மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர் கண்டதையெல்லாம் உள்ளே விடாது. செய்தி மட்டும் எப்படிக் கடக்கிறது? இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. உடலின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸின் முன்புறத்தை ஒட்டிய ஒரு சிறு பகுதியில் அந்தச் சுவர் தளர்வாக இருக்கிறது. மற்ற இடங்களில், குழாயின் உட்சுவர் செல்களே சைட்டோகைனை உணர்ந்து, புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற சிறிய கொழுப்பு மூலக்கூறைத் தயாரித்து மறுபுறம் மூளைக்குள் விடுகின்றன. அந்த மூலக்கூறு ஹைப்போதலாமஸின் முன்பகுதி நரம்பு செல்களைத் தொட்டதும்தான் காய்ச்சல் தொடங்குகிறது. நாம் விழுங்கும் பாராசிட்டமால் கிருமியையும் தொடுவதில்லை, சைட்டோகைனையும் தொடுவதில்லை. மூளையில் இந்தப் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத்தான் குறைக்கிறது. ஆஸ்பிரின் விற்பனைக்கு வந்தது 1899இல். அந்த வகை மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று ஜான் வேன் காட்டியது 1971இல். மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலேயே உலகம் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அதை விழுங்கிக்கொண்டிருந்தது.

ரத்தத்தின் வழி மட்டும்தான் செய்தி போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. வேகஸ் நரம்பு அந்த நினைப்பைக் கலைத்தது. மூளைத்தண்டிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று பரவும் இந்தப் பத்தாவது கபால நரம்பைப் பாடநூல் பெரும்பாலும் இதயத் துடிப்பைக் குறைக்கும் நரம்பாகவே அறிமுகம் செய்கிறது. உண்மையில் அதன் இழைகளில் சுமார் 80 சதவீதம் எதிர்த்திசையில், அதாவது உறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்பவை. எலிகளின் வயிற்றில் சிறிதளவு இன்டர்லூக்கின் 1 செலுத்தினால் காய்ச்சல் வரும். உதரவிதானத்துக்குக் கீழே வேகஸைத் துண்டித்துவிட்டு அதே அளவைச் செலுத்தினால் பல சோதனைகளில் காய்ச்சல் மட்டுப்பட்டது அல்லது வரவே இல்லை. அளவைக் கூட்டினால் ரத்தத்தின் வழியே போய் வேலை நடந்துவிடும். வேகஸ் சுமப்பது உடம்பு சரியில்லை என்ற பொதுவான உணர்வைத்தானே தவிர, குத்தும் வலியை அல்ல. கெடிலக் கரையில் திருவதிகையில் அப்பரைத் துடிக்கவைத்ததாகச் சொல்லப்படும் சூலை போன்ற குடல் வலி, ரத்தக் குழாய்களையும் உள்ளுறுப்புகளையும் தாமாக இயக்கும் பரிவு நரம்புகளோடு சேர்ந்து தண்டுவடத்துக்குள் நுழைந்து மேலே போவது. ஒரே குடலிலிருந்து இரண்டு வகைச் செய்திகள் இரண்டு பாதைகளில் போகின்றன என்பதை இந்த ஊர் மாணவிகளுக்கு அப்பரைக் காட்டிச் சொன்னால் மறப்பதில்லை.

"டீச்சர், உடம்பு நெருப்பா கொதிக்கும்போது எதுக்குக் குளிருது?" என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருத்தியிடமிருந்து வரும். காய்ச்சலைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி கிடையாது. ஏசி அறையில் 24 டிகிரி என்று வைத்திருந்ததை யாரோ 28 ஆக மாற்றினால், அறையில் ஒரு மாற்றமும் நடக்காதபோதே இயந்திரத்தின் கணக்கில் அறை குளிர்ந்துவிட்டதாக ஆகிவிடும். ஹைப்போதலாமஸின் இலக்கு 37இலிருந்து 39 டிகிரி செல்சியஸாக உயர்ந்த அந்த நிமிடத்தில், 37இல் இருக்கும் உடல் மூளைக்குக் குளிர்ந்த உடல்தான். அதனால் பரிவு நரம்புகள் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. கைகால் சில்லிடுகிறது, தோல் வெளிறுகிறது, மயிர்க்கால்கள் சிலிர்க்கின்றன. அது போதாதபோது எலும்புத் தசைகள் தாமாகச் சுருங்கி விரிந்து வெப்பத்தை உண்டாக்குகின்றன. பல் கிட்டுகிறது, கட்டில் ஆடுகிறது. பிறந்த குழந்தைகளுக்கு நடுங்கும் திறன் குறைவு என்பதால் அவர்கள் பழுப்புக் கொழுப்பை எரித்துச் சூடேற்றிக்கொள்கிறார்கள். இலக்கை எட்டியதும் குளிர் நின்றுவிடும். பிறகு, மருந்தினாலோ தானாகவோ இலக்கு மறுபடி 37க்கு இறங்கும்போது உடல் மூளையின் கணக்கில் சூடானதாகிவிடுகிறது. குழாய்கள் விரிகின்றன, வியர்க்கிறது. "ஜொரம் வேர்த்து உட்டுடுச்சி" என்று எங்கள் தெரு ஆயா சொல்வதில் காரணமும் விளைவும் முன்பின்னாக இருக்கின்றன. வேர்த்ததால் ஜுரம் விடவில்லை. ஜுரம் விட்டதால்தான் வேர்க்கிறது.

37 டிகிரி என்ற எண்ணை நிலைநிறுத்தியவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பணியாற்றிய வுண்டர்லிச். சுமார் 25,000 நோயாளிகளின் அளவீடுகளைத் திரட்டி 1868இல் வெளியிட்டார். இன்று ஆரோக்கியமானவர்களை அளந்தால் சராசரி அதைவிடச் சற்றுக் குறைவாகவே வருகிறது. காலையில் குறைந்தும் மாலையில் கூடியும் அரை டிகிரி அளவுக்கு அது ஆடவும் செய்கிறது. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் உடலின் ஆற்றல் செலவு ஏறத்தாழ 10 முதல் 12 சதவீதம் கூடும், நாடித்துடிப்பும் நிமிடத்துக்குச் சுமார் 8 முதல் 10 வரை கூடும். டைபாய்டில் காய்ச்சல் ஏறிய அளவுக்கு நாடி ஏறாமல் பின்தங்கி நிற்பதுண்டு. பழைய மருத்துவர்கள் கையைப் பிடித்துப் பார்த்தே டைபாய்டைச் சந்தேகித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அக்னி நட்சத்திரத்தில் வெயிலில் வேலை செய்து மயங்கி விழுபவரின் சூடு இதில் சேராது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கு ஹைப்போதலாமஸின் இலக்கு மாறவில்லை. வெளியேற்ற முடியாமல் வெப்பம் தேங்கிவிட்டது. புரோஸ்டாகிளாண்டினுக்கு அதில் பங்கில்லை என்பதால் பாராசிட்டமாலாலும் பயனில்லை. தண்ணீரைக் கொட்டி, காற்று வீசி உடனே குளிரவைப்பதுதான் உயிரைக் காக்கும். தெர்மாமீட்டரில் இரண்டும் 105 டிகிரி ஃபாரன்ஹீட் என்றே காட்டலாம். உடலியலில் இரண்டும் வேறு வேறு.

இவ்வளவு செலவு செய்து உடல் ஏன் தன்னைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும்? இதற்கு எனக்குப் பிடித்த விடை ஒரு பல்லியிடமிருந்து வந்தது. பாலைவன இகுவானா குளிர் ரத்தப் பிராணி. சூடாக வேண்டுமென்றால் வெயிலுக்குப் போக வேண்டும், குளிர வேண்டுமென்றால் நிழலுக்கு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ க்ளூகரும் உடன் ஆய்வாளர்களும் 1970களில் இந்தப் பல்லிகளுக்கு பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்தபோது, அவை தாமாகவே வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிப் போய் அமர்ந்தன. அடுத்து, நோயுற்ற பல்லிகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் அடைத்து வைத்தார்கள். 1975இல் வெளியான முடிவின்படி, அதிக வெப்பத்தில் வைக்கப்பட்டவற்றில் பிழைத்தவை அதிகம், குறைந்த வெப்பத்தில் வைக்கப்பட்டவற்றில் இறந்தவை அதிகம். மருந்து கொடுத்துக் காய்ச்சல் வராமல் தடுத்த பல்லிகள் இறந்ததை அடுத்த ஆண்டு காட்டினார்கள். நடுங்கும் தசையும் சுருங்கும் தோல் குழாயும் கொண்டு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் திறன் இல்லாத ஒரு பிராணி, நடந்து போயாவது காய்ச்சலை வரவழைத்துக்கொள்கிறது என்றால், அந்த ஏற்பாடு பரிணாமத்தில் மிகப் பழையது என்றுதான் கொள்ள வேண்டும்.

மனிதரிடமும் இதை ஒருவர் துணிந்து பயன்படுத்தினார். வியன்னாவின் வாக்னர் யாவ்ரெக், மேகநோய் (சிபிலிஸ்) மூளையைத் தாக்கிய நோயாளிகளுக்கு 1917இல் மலேரியாக் கிருமியைச் செலுத்தி, பல முறை காய்ச்சல் ஏறி இறங்க விட்டு, பிறகு கொய்னா கொடுத்து மலேரியாவை நிறுத்தினார். 1927இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெனிசிலின் வந்த பிறகு யாரும் இதைச் செய்வதில்லை, செய்யவும் கூடாது. காய்ச்சல் நன்மை என்று கேட்டதும் மாத்திரையே கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். பல்லியின் கணக்கைக் குழந்தைக்குப் போட முடியாது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளில் சிலருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருவதுண்டு. இதயம் பலவீனமானவர்களுக்கு அந்தப் பத்துப் பன்னிரண்டு சதவீதச் செலவே பெரும் சுமை. மாத்திரை கொடுத்தால் குழந்தை சற்றுத் தெளிந்து தண்ணீர் குடிக்கும் என்றால் அதுவே மாத்திரைக்குப் போதுமான காரணம்.

வெப்பத்தைப் போலவே மூளை திட்டமிட்டு நடத்தும் இன்னொன்று, காய்ச்சல்காரரின் நடத்தை. வாய் கசக்கிறது, சோறு இறங்குவதில்லை, யாரோடும் பேசப் பிடிப்பதில்லை, படுத்தால் போதும் என்றிருக்கிறது. இவற்றைக் கிருமி செய்த சேதம் என்றே நெடுங்காலம் கருதினார்கள். ஆனால் கிருமியே இல்லாமல் சைட்டோகைனை மட்டும் செலுத்தினாலும் விலங்குகள் இதே போல் ஒடுங்கிப் படுத்துவிடுகின்றன. ஆற்றலைத் தேடலிலும் செரித்தலிலும் செலவிடாமல் நோய்த்தடைகாப்பின் பக்கம் திருப்ப நரம்பு மண்டலம் எடுக்கும் முடிவு இது என்று 1988இல் பெஞ்சமின் ஹார்ட் வாதிட்டார். நம் வீடுகளில் "லங்கணம் பரம ஔஷதம்" என்று பட்டினியை மருந்தாகச் சொல்வதை இதோடு சேர்த்து மாணவிகள் உடனே கேட்பார்கள். அதற்குப் பாதி உண்மை என்றுதான் பதில் சொல்ல வேண்டும். யேல் பல்கலைக்கழகத்தில் ருஸ்லான் மெட்ஜிடோவின் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், லிஸ்டீரியா என்ற பாக்டீரியா தாக்கிய எலிகளுக்கு வலிந்து குளுக்கோஸ் ஊட்டியபோது அவை அதிகம் இறந்தன. இன்ஃப்ளுயன்சா வைரஸ் தாக்கிய எலிகளுக்கோ ஊட்டியது பாதுகாப்பாக இருந்தது, குளுக்கோஸைப் பயன்படுத்த விடாமல் தடுத்தது கேடாக முடிந்தது. அதாவது அழற்சியைத் தாங்க மூளைக்கும் பிற உறுப்புகளுக்கும் எந்த எரிபொருள் தேவை என்பது நோயைப் பொறுத்து மாறுகிறது. எலியில் கண்டதை அப்படியே நம் அடுப்படிக்குக் கொண்டுவர முடியாது. அதிலும் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர் லங்கணம் என்று சொல்லிப் பட்டினி கிடப்பது ஆபத்து. பசித்தால் கஞ்சி குடிக்கட்டும், பசிக்காவிட்டால் நெருக்க வேண்டாம், தண்ணீரை மட்டும் விடக்கூடாது என்பதற்கு மேல் நான் சொல்வதில்லை.

காய்ச்சலில் அதிகம் உழைத்தும் பேர் வாங்காத உறுப்பு கல்லீரல். இன்டர்லூக்கின் 6 கல்லீரலை அடைந்ததும் அது தன் வழக்கமான உற்பத்தியை மாற்றிக்கொள்கிறது. ஆல்புமினைக் குறைத்து, கிருமியின் மேல் ஒட்டி அடையாளமிடும் புரதங்களையும் ரத்தம் உறையவைக்கும் புரதங்களையும் கூட்டுகிறது. பரிசோதனை நிலையத்தில் கொடுக்கும் தாளில் சிஆர்பி என்று ஒரு வரி இருக்குமே, அது இந்தப் புரதங்களில் ஒன்று. நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில், நிமோனியாக் கிருமியின் ஒரு சர்க்கரைப் பொருளோடு சேர்ந்து படியும் ஒன்றாக டில்லெட், ஃபிரான்சிஸ் இருவரும் 1930இல் இதைக் கண்டார்கள். அழற்சி தொடங்கிய ஆறு மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கி, சுமார் இரண்டு நாளில் உச்சத்தை அடைந்து, காரணம் நீங்கியதும் வேகமாக இறங்கிவிடும். இஎஸ்ஆர் என்ற பழைய பரிசோதனையும் கல்லீரலின் வேலையைத்தான் சுற்றுவழியாக அளக்கிறது: ஃபைப்ரினோஜன் கூடினால் சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு கண்ணாடிக் குழாயில் விரைவாகப் படிகின்றன. அது இறங்க வாரங்கள் ஆகும் என்பதால், நோய் போன பிறகும் இஎஸ்ஆர் கூடுதலாக இருப்பதைப் பார்த்துப் பலர் வீணாகக் கலங்குகிறார்கள்.

இரும்புச்சத்தின் கதை இதைவிட நுட்பமானது. பாக்டீரியாவுக்கும் இரும்பு வேண்டும். எனவே கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் வருவதையும், மண்ணீரலிலுள்ள மேக்ரோஃபேஜ்கள் பழைய சிவப்பணுக்களைச் சிதைத்து எடுத்த இரும்பை வெளியே விடுவதையும் அடைத்துவிடுகிறது. ரத்தத்தில் இரும்பு குறைகிறது; உள்ளே சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் கூடுகிறது. காய்ச்சல் நேரத்தில் எடுத்த ஃபெரிட்டின் அளவைப் பார்த்து இரும்புச்சத்து நிறைய இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்திவிடுவது தவறான முடிவாகலாம். காசநோய், முடக்குவாதம் போல அழற்சி மாதக்கணக்கில் நீடித்தால் இதே ஏற்பாடு ரத்தசோகையாக முடிகிறது. சில நாளுக்கு நன்மையானது சில மாதத்துக்குத் தீமையாகிறது என்பது நோய்த்தடைகாப்பில் திரும்பத் திரும்பக் காணக்கிடைக்கிறது.

இதற்கிடையே அக்குளிலோ தொடையிடுக்கிலோ கழுத்திலோ நெறி கட்டியிருக்கும். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஏன் அங்கே என்பதைத்தான் பாடம் விளக்க வேண்டும். திசுக்களில் உள்ள கிளைத்த செல்கள் கிருமியின் துண்டுகளை எடுத்துக்கொண்டு நிணநீர் வழியாக அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் போகின்றன. அந்தத் துண்டுக்குப் பொருந்தும் ஏற்பி கொண்ட லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் மிகச் சில. அவை கண்டறியப்பட்டு, பல்கிப் பெருகி, எதிர்ப்பொருளைச் சுரக்க நாள்கள் பிடிக்கும். டெங்குக்கு இரண்டாம் நாளில் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருளைப் பார்த்து, இல்லை என்று வந்ததும் டெங்கு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. அப்போது வைரஸின் சொந்தப் புரதமான என்எஸ்1 ஐத்தான் பார்க்க வேண்டும். ஐஜிஎம் பெரும்பாலும் ஐந்தாம் நாளை ஒட்டித்தான் தெளிவாகத் தென்படும். எங்கள் பகுதியில் மழைக்கால முடிவில் காணும் உண்ணிக் காய்ச்சலில், புதர்களிலிருந்து ஒட்டும் நுண்ணிய பூச்சியின் இளம்பருவம் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு சிலருக்கு இருக்கும். அதைக் கண்டுவிட்டால் எந்தப் பரிசோதனைக்கும் முன்பே மருத்துவருக்கு நோய் பிடிபட்டுவிடும். வலிக்காது, அரிக்காது, ஆடை மறைக்கும் இடங்களில்தான் அதிகம் இருக்கும். அதனால் நோயாளி அதைப் பற்றித் தானாகச் சொல்வதில்லை, தேடித்தான் பார்க்க வேண்டும்.

கிளப்பிவிட்ட அழற்சியை அடக்குவது யார் என்ற கேள்வியில்தான் நரம்பு மண்டலம் இரண்டாம் முறையாக உள்ளே வருகிறது. நன்கு அறியப்பட்ட வழி, ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, அட்ரினல் என்ற வரிசை. சைட்டோகைன் மூளையைத் தூண்ட, மூளை அட்ரினலைத் தூண்ட, அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசால் அதே சைட்டோகைன்களின் உற்பத்தியைக் குறைக்கிறது. மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் 1948இல் முடக்குவாத நோயாளி ஒருவருக்கு கார்ட்டிசோனைச் செலுத்தினார். 1950இல் கெண்டால், ரைக்ஸ்டைன் இருவரோடும் சேர்ந்து நோபல் பெற்றார். வெளியிலிருந்து நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்துக்கொள்பவரின் அட்ரினல் தன் உற்பத்தியைச் சுருக்கிக்கொண்டுவிடும். அவர்கள் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்று சொல்வதன் காரணம் அதுதான்.

இரண்டாவது வழி நரம்புகளின் வழி. அதைக் கண்டவர்கள் எதிர்பாராமல் கண்டார்கள். ராபர்ட் ஏடர் என்ற உளவியலாளர் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீரைக் கொடுத்து, உடனே குமட்டலை உண்டாக்கும் ஒரு மருந்தைச் செலுத்தி, இனிப்பை வெறுக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். அந்த மருந்து, சைக்ளோஃபாஸ்ஃபமைடு, நோய்த்தடைகாப்பையும் ஒடுக்குவது. பிறகு மருந்தில்லாமல் இனிப்புத் தண்ணீர் மட்டும் கொடுத்தபோதும் சில எலிகள் இறந்ததைக் கவனித்து, நிக்கோலஸ் கோஹன் என்ற நோய்த்தடைகாப்பியலாளரோடு சேர்ந்து முறையாகச் சோதித்தார். சுவை மட்டுமே எதிர்ப்பொருள் உற்பத்தியைக் குறைத்தது. 1975இல் இது வெளியானபோது பலர் நம்ப மறுத்தார்கள். மூளையோடு தொடர்பில்லாத மண்டலம் என்றல்லவா எல்லாரும் படித்திருந்தார்கள்! பின்னர் மண்ணீரலுக்குள்ளும் நிணநீர் முடிச்சுகளுக்குள்ளும் நரம்பு இழைகள் லிம்போசைட்டுகளை ஒட்டியே ஓடுவதை நுண்ணோக்கியில் காட்டிய பிறகு மறுப்பு தணிந்தது. 2000இல் கெவின் ட்ரேசியின் குழு, எலிகளில் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டியபோது பாக்டீரிய நச்சுக்கு எதிராகச் சுரக்கும் டிஎன்எஃப் குறைந்ததைக் காட்டியது. மண்ணீரல் நரம்பு நார்அட்ரினலினை விட, அங்குள்ள ஒருவகை டி லிம்போசைட்டுகள் அசிட்டைல்கோலினைச் சுரக்க, அது மேக்ரோஃபேஜின் ஏற்பியில் பட்டு டிஎன்எஃப் குறைகிறது என்று இன்று விளக்குகிறார்கள். 1921இல் ஓட்டோ லோவி தவளையின் இதயங்களை வைத்து நிறுவிய அதே நரம்புப் பொருளை ஒரு ரத்த வெள்ளணுவே தயாரிக்கிறது என்பதைப் படித்த அன்று, இந்தப் பாடத்தை நரம்பின் கீழ் நடத்துவதா நோய்த்தடைகாப்பின் கீழ் நடத்துவதா என்று எனக்கே விளங்கவில்லை. வேகஸுக்கும் மண்ணீரல் நரம்புக்கும் நேர்த் தொடர்பு உண்டா, அல்லது அது பரிவு நரம்புகளின் தனி வேலையா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் தீரவில்லை.

தீராத இந்த விவாதத்தின் மேல்தான் கைபேசியில் காணொளிகள் குவிந்து கிடக்கின்றன. வேகஸைத் தூண்டினால் எல்லா நோயும் போய்விடும் என்று ஒருவர், எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடி என்று இன்னொருவர். எதிர்ப்புச் சக்தி என்பது கூட்டிக்கொண்டே போக வேண்டிய ஒன்றல்ல; அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு டெங்குவே போதும்.

டெங்குவில் முதல் மூன்று நான்கு நாள் 103, 104 டிகிரி ஃபாரன்ஹீட் என்று அடிக்கும். பிறகு காய்ச்சல் விடும். வீட்டில் எல்லாரும் மூச்சு விடுவார்கள். பள்ளிக்கு அனுப்பலாமா என்று என்னைத் தொலைபேசியில் கேட்பார்கள். ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. அந்த நேரத்தில் ரத்தத்தில் வைரஸ் குறைந்துகொண்டிருக்கும். நோய்த்தடைகாப்பு தன் உச்சத்தில் இருக்கும். அதன் சைட்டோகைன்களும் வைரஸின் என்எஸ்1 புரதமும் சேர்ந்து நுண்குழாய்களின் உட்சுவரைத் தளர்த்த, ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் கசிகிறது. அணுக்கள் குழாயிலேயே தங்குவதால் ரத்தம் கெட்டியாகிறது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பிசிவி என்ற எண் ஏறுவது இதனால்தான். வீட்டார் கண் முழுவதும் தட்டணுக்களின் எண்ணிக்கையிலேயே இருக்கும். தட்டணு குறைவதைவிட, பிசிவி ஏறுவதும் நோயாளியின் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி ஆகியவையும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. ஒரு வகை டெங்கு வைரஸ் தந்த எதிர்ப்பொருள் அடுத்த முறை வேறு வகை வரும்போது அதைத் தடுக்காமல், செல்லுக்குள் நுழைய வழிவிடுவதுண்டு. நான்கு வகைகள் இருப்பதால் இரண்டாம் முறை வரும் டெங்கு அதிகம் அஞ்சப்படுகிறது.

கசிவு கூடும்போது நரம்பு மண்டலம் மறுபடி தன் வேலையைக் காட்டுகிறது. ரத்த அளவு குறைந்ததை உணர்ந்த பரிவு நரம்புகள் கைகால் குழாய்களை இறுக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைத் தக்கவைக்கின்றன. அதனால் ரத்த அழுத்தத்தில் மேல் அழுத்தம் இயல்பாகவே தெரியும். கீழ் அழுத்தம் மட்டும் ஏறி, இரண்டுக்கும் உள்ள இடைவெளி 20 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். குழந்தை கண் விழித்து நம்மோடு பேசிக்கொண்டே இருக்கும், கைகால் மட்டும் சில்லிட்டிருக்கும். பேசுகிறதே என்று நம்பி வீட்டில் வைத்திருந்து, மேல் அழுத்தமும் விழுந்த பிறகு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு ஓடுவதில் நேரம் போய்விடுகிறது. காய்ச்சல் விட்ட நாளில் கைகாலைத் தொட்டுப் பாருங்கள், சிறுநீர் போகிறதா என்று கேளுங்கள் என்று என் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போடுவது இதற்காகத்தான்.

இந்தக் கட்டம் ஒன்று அல்லது இரண்டு நாள். அளந்து ஏற்றும் குளுக்கோஸும் உப்பு நீரும் அப்போது உயிரைக் காக்கும். அதன் பிறகு சுவர்கள் இறுகிவிட, வெளியே கசிந்த நீர் தானாகவே குழாய்க்குள் திரும்புகிறது. நாடி மெதுவாகிறது, சிறுநீரகம் உபரியை வெளியேற்றத் தொடங்குகிறது, பசி எடுக்கிறது, சிவந்த தோலில் ஆங்காங்கே வெள்ளைத் திட்டுகளோடு உள்ளங்கையும் பாதமும் அரிக்கின்றன. இந்த நாளிலும் முன்போலவே நீரை ஏற்றிக்கொண்டிருந்தால் அது நுரையீரலில் போய்ச் சேர்ந்து மூச்சுத் திணறவைக்கும். நேற்று எத்தனை பாட்டில் ஏற்றினீர்கள், இன்று ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று உறவினர்கள் செவிலியரிடம் சண்டை பிடிக்கும் நாள் அதுதான் என்று என் பழைய மாணவி ஒருத்தி சொன்னாள். அவர்களை உட்காரவைத்து நுண்குழாய்ச் சுவரிலிருந்து தொடங்கி விளக்குவதாகவும், கால்மணி நேரம் பிடிக்கிறது என்றும் சொன்னாள்.